தம்பி அமுக்கிய பொத்தான்

"நம்பர் மட்டும் தெரிஞ்சிட்டாப் போதும்த்தா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மகள் திலகவதியிடம் காப்பி டம்ளரை வாங்கும்போதே நாகராசு ஆரம்பித்துவிட்டார். பக்கத்து ஊர்க் காளைக்காரரிடம் விபத்தன்று எடுத்த வீடியோ இருந்த பென்டிரைவை வாங்கி, சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்துப் பொத்தியபடியே அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. சோறு ஆறினாலும் நம்பர்தான், மோட்டார் ஓடாவிட்டாலும் நம்பர்தான்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அரிமளம் சாலையில் விக்ரமின் பைக்கை ஏதோ ஒரு வண்டி பின்னாலிருந்து தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த வளைவிலேயே அவன் உயிர் போயிற்று. நாகராசுவுக்கும் செவந்திக்கும் கடைக்குட்டி, திலகவதிக்கு ஒரே தம்பி. காவல் நிலையத்தில் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதினார்கள்.

ஊர் அப்படியெல்லாம் எழுதிக்கொண்டு உட்காருமா? அன்று அந்த நேரத்தில் செம்மலின் குட்டியானை அந்தப் பக்கம் போனதைப் பார்த்ததாக டீக்கடையில் யாரோ சொல்லிவைத்தார்கள். செம்மல் வேறு யாருமில்லை, நாகராசுவின் அக்கா அமராவதியின் இரண்டு பிள்ளைகளில் மூத்தவன். அந்தச் சின்ன வெள்ளை லோடு வண்டியில் முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிப் பிழைப்பவன். திலகவதியைக் கட்டிக்கொள்ள வேண்டிய முறைமாப்பிள்ளையும் அவன்தான். தையில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கு நான் கந்தர்வக்கோட்டைல லோடுக்கு நின்னேன் மாமா" என்று செம்மல் சொன்னான். பாடைக்கு அவன்தான் தோள் கொடுத்தான், குழி வெட்டுகிறவர்களோடு அவன்தான் நின்றான். நாகராசு அவனை நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை மட்டும் நின்றுபோனது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் திலகவதி. அந்த நம்பர் செம்மலுடையதாக இருந்தால், தம்பியை ரோட்டில் போட்டுவிட்டுப் போனவனுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் மனசில் ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள் என்று ஆகிவிடும். அவனுடையதாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை. கும்பிடும்போதே தம்பிக்குத் துரோகம் செய்கிறோமோ என்றும் தோன்றும்.

"சாயங்காலம் ஒங்க அத்தையையும் செம்மலையும் வரச் சொல்லிருக்கேன்" என்றார் நாகராசு. "எல்லாருமா உக்காந்து பாத்துருவோம். அவன் நம்பரா இருந்தா இத்தோட அக்கா தம்பி ஒறவு அத்துப்போச்சு. இல்லைன்னா அவன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டு, கையோட தட்ட மாத்திருவேன். எழவு விழுந்த வீட்ல வருசம் திரும்புறதுக்குள்ள ஒரு நல்லது நடக்கணும்ல."

"அப்பா, போலீஸ்லயே பாத்துட்டு நம்பர் தெரியலைன்னுதானே சொன்னாங்க?"

"அவங்களுக்கு அந்தப் பொத்தான் தெரியாதுத்தா. தம்பி ஒண்ண அமுக்குவான் பாரு, அது."

எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பொத்தானின் கதை இது. விக்ரம் ராத்திரியும் பகலும் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறவன். சேர்த்து வைத்த காசில் பழைய மானிட்டர் ஒன்றைத் திருக்கோகர்ணத்தில் வாங்கி வந்தான். ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, திரையில் எழுத்துகளை வேகமாக ஓடவிட்டான். கோடுகோடாக இழுத்துக்கொண்டு ஓடியதே தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. மானிட்டருக்கு அடியில் கையை விட்டு எதையோ அமுக்கினான். அதே வேகத்தில் ஓடிய எழுத்துகளை நாகராசு ஒவ்வொன்றாகப் படித்தார். "ஓடுற பஸ்சோட போர்டக்கூட படிக்கலாம் போலருக்கேடா" என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகன் காட்டிய வித்தைகளில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

திலகவதி அரிமளத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டாள். அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் தம்பியின் அறைக்குள் போனாள். அம்மா தினமும் கூட்டிப் பெருக்கினாலும் நாற்காலியை மட்டும் நகர்த்துவதில்லை. அவன் எழுந்து போன வாக்கிலேயே அது கொஞ்சம் திரும்பி இருந்தது. திலகவதி அதை நகர்த்தாமலே உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் நுழைய இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று விக்ரமுடையது. அதன் பாஸ்வேர்ட் அவனோடு போய்விட்டது. இன்னொன்று, பரீட்சைக்கு விண்ணப்பம் போட அக்காவுக்கென்று அவன் வைத்துக் கொடுத்தது. அதில் படம் பார்க்கலாம், ஃபைல் திறக்கலாம். புதிதாக எதையாவது ஏற்றப் பார்த்தால் மட்டும் விக்ரமின் பாஸ்வேர்டைக் கேட்கும். கடையில் காட்டியபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். செவந்தி அன்று கடைவாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். உள்ளே அவன் விளையாடியபோது பேசிய குரலெல்லாம் இருக்கிறதே.

ஆக, கம்ப்யூட்டருக்குள் எதையும் ஏற்ற முடியாது. மானிட்டரிலேயேதான் ஏதாவது செய்தாக வேண்டும்.

முதலில் பென்டிரைவைச் செருகி அந்த வீடியோவை ஓடவிட்டாள். ஜல்லிக்கட்டுக்குக் காளையைப் பழக்கும்போது எடுத்தது. காளைக்காரர் நல்ல கேமரா வைத்திருக்கும் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து ஆசையாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். சாலையோரப் பொட்டலில் காளை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கேமராவும் அதோடு சேர்ந்து திரும்புகிறது. பின்னால் சாலை. முதலில் ஒரு பைக் போகிறது. கறுப்புச் சட்டை. அது விக்ரம்.

அந்த இடத்தில் அவள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். இன்று மூடவில்லை.

கொஞ்ச இடைவெளியில் அதே திசையில் ஒரு வெள்ளைக் குட்டியானை வேகமாகப் போகிறது. அப்புறம் மரங்கள் மறைத்துவிடுகின்றன. வளைவு அந்த மரங்களுக்கு அந்தப் பக்கம்.

கேமரா திரும்பும் வேகத்தில் வண்டி திரையில் ஒரு வெள்ளைத் தீற்றலாக இழுபட்டது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் நம்பர் பலகை இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. அவ்வளவுதான்.

மானிட்டருக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். ஒரு குமிழ் இருந்தது. அமுக்கினால் வெளிச்சம், நிறம் என்று வழக்கமான பட்டியல் வந்தது. தம்பி சொன்னது அதில் எங்கேயும் இல்லை. மானிட்டரின் முதுகில் அதை வாங்கிய இடத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தது.

"நான் அரிமளத்துலேர்ந்து திலகவதி பேசுறேங்க. விக்ரம்னு ஒரு பையன் ஒங்ககிட்ட மானிட்டர் வாங்குனான்..."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அந்தப் பெண் நிறுத்துவது கேட்டது.

"விக்ரம் அக்காவாங்க?" என்று கேட்டபோது குரல் மாறியிருந்தது. "நான் அன்புமொழி. அவன்கூட ஒரே டீம்ல விளையாடுவேன்."

அந்தப் பேரைத் திலகவதி கேள்விப்பட்டதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவன் சிரித்துச் சிரித்துப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தம்பியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் விஷயத்தைச் சொன்னாள். எதற்காகக் கேட்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தெரியும்க்கா. எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், மானிட்டருக்குள்ளயே இருக்கு. கம்பெனிக்காரங்க ஒளிச்சு வச்சிருப்பாங்க. நான் சொல்றத மட்டும் செய்ங்க, அங்க இருக்குற வேற எதையும் தொட்றாதீங்க. மொதல்ல சாதா மெனுவுல, ரெஃப்ரெஷ் ரேட், அதான் திரை படத்த மாத்துற வேகம், தானா மாறிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. அது ஓடிட்டிருந்தா இது வராது."

"பண்ணிட்டேன்."

"இப்ப மானிட்டர மட்டும் ஆஃப் பண்ணுங்க. அந்தக் குமிழ உள்ள அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பவர் பட்டன அமுக்குங்க. படம் வர்ற வரைக்கும் விட்றாதீங்க."

முதல் தடவை விரல் வழுக்கிவிட்டது. இரண்டாவது தடவை திரை மின்னி, மூலையில் பொடி எழுத்தில் வேறு ஒரு பட்டியல் வந்தது. கம்பெனி ஆட்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது.

"வந்துருச்சுமா."

"கீழ போங்க. மோஷன் ப்ளர்னு ஆரம்பிக்கும், ஓடுறது மங்குறதக் கொறைக்கிறது. அத ஆன் பண்ணுங்க. திரை கொஞ்சம் இருட்டும், பயப்படாதீங்க. லைட்ட விட்டுவிட்டு எரிய விடும், நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல. அதனால ஓடுறது இழுபடாம வெட்டு வெட்டாத் தெரியும். ரொம்ப நேரம் பாத்தா தலைவலி வரும்க்கா. அதுக்குத்தான் ஒளிச்சு வச்சிருக்காங்க. மானிட்டர அணைச்சிட்டா போயிரும், மறுபடி இதே மாதிரி பண்ணணும். விக்ரம் டெய்லி பண்ணிட்டுத்தான் வெளாட வருவான். அவனுக்காக நாங்கல்லாம் காத்துக் கெடப்போம்."

திரை மங்கியது. சாயங்காலம் ஆனதுபோல இருந்தது.

"அன்பு, ஒண்ணு கேக்குறேன். இத ஆன் பண்ணுனா வீடியோல மங்கலா இருக்குற நம்பர் தெரியுமா?"

அன்புமொழி யோசித்துத்தான் சொன்னாள்.

"தெரியாதுக்கா. இது மானிட்டர் பண்ணுற மங்கலத்தான் எடுக்கும். கேமராவே மங்கலா எடுத்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நிறுத்தி வச்சுப் பாக்கும்போது மங்கலா இருந்தா அது கேமராவோடது."

காளைதானே படத்தில் முக்கியம். கேமராக்காரர் காளையின் திமிலுக்குத் தெளிவு வைத்திருந்தார். பின்னால் போகிற வண்டியின் நம்பர் அவருக்கு எதற்கு? அப்பா இத்தனை நாளாகப் பிடித்துத் தொங்கிய கயிறு அந்த நிமிஷமே அறுந்துவிட்டது. திலகவதிக்கு அழுகை வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"அக்கா, எப்பவாச்சும் அவன் ரூம வந்து பாக்கலாமா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"வாம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வந்ததற்கு ஒரு தடவை பார்த்துவிட்டு அணைப்போம் என்றுதான் மறுபடி ஓடவிட்டாள். காளை ஓடியது. அதன் தோல் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. விக்ரம் போனான். சட்டை காற்றில் உப்பியது. ஹெல்மெட்டுக்குள் தலையை ஆட்டிக்கொண்டு போகிறான், பாட்டுப் பாடுகிறான் போல. திலகவதி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். சாவதற்கு முன்னால் தம்பி சந்தோஷமாகப் போயிருக்கிறான். இது இத்தனை நாள் யாருக்கும் தெரியாது.

பின்னால் குட்டியானை வந்தது. நம்பர் கறை கறையாகவே இருந்தது. ஆனால் வண்டி இப்போது தீற்றலாக இல்லை, வண்டியாகப் போனது. சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் இடது பின்பக்கம் மட்டும் படுத்து எழுந்தது. வலது பக்கம் அசையவில்லை. படுத்து, எழுந்து, படுத்து, எழுந்து.

அவள் கை தானாகவே வீடியோவை நிறுத்தியது.

மார்கழியில் மில்லிலிருந்து அரிசி மூட்டை எடுத்து வந்தபோது அவளும் விக்ரமும் செம்மலின் வண்டியில்தான் வந்தார்கள். இடது பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை முறிந்திருந்தது. "என்ன மச்சான், ஒங்க வண்டி ஊருக்கெல்லாம் சலாம் போட்டுக்கிட்டே போகுது" என்று விக்ரம் கேலி செய்தான். "மாத்தணும் மாப்ள, நேரமே இல்ல" என்றான் செம்மல். திலகவதி முன்னால் உட்கார்ந்து, வண்டி படுத்து எழும் ஒவ்வொரு தடவையும் அவன் பக்கம் சாயாமல் இருக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது பிடித்தும் பிடிக்காமலும் வந்தாள். அந்தச் சலாமை அவள் உடம்பே அறியும்.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் பார்த்தாள். கண் வலிக்கிற வரை பார்த்தாள். அப்புறம் மானிட்டரை அணைத்துவிட்டு, இருண்ட திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட வரலியாடி?" என்று செவந்தி வந்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சிருச்சா?"

"நம்பர் தெரியலைம்மா. தெரியவும் தெரியாதாம்."

செவந்தி மகளின் தலையைத் தடவினாள். "தெரியாமப் போறதே நல்லதுத்தா. போனவன் வரப்போறது இல்ல. ஒனக்காச்சும் ஒரு வழி பொறக்கட்டும். ஒங்கப்பாகிட்ட இத மட்டும் நான் சொல்ல முடியாது."

அந்த வார்த்தை திலகவதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே, அவள் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி அந்தக் குமிழை அமுக்காமல் இருந்தால் போதும். அப்பா வழக்கம்போல நம்பரைத்தான் பார்ப்பார். அது தெரியாது. பார்த்துவிட்டுத் தட்டை மாற்றுவார். அம்மா சிரிப்பாள். அவளும் அந்த வண்டியில் காலமெல்லாம் முன்னால் உட்கார்ந்து போகலாம்.

சாயங்காலம் வரைக்கும் அவள் இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அத்தை வந்தாள். துக்க வீட்டுக்குத் தலையில் பூவோடு வந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பூவைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பின்னால் செம்மல். ஆள் பாதியாகியிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அங்கேயே நின்றான்.

"உள்ள வா மாப்ள" என்றார் நாகராசு. கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்துக் கூப்பிட்டது போல இருந்தது.

"வீடே வெறிச்சுன்னு கெடக்கு தம்பி" என்று அமராவதி தானாகவே பேச்சை எடுத்தாள். "சின்னவனும் தையிலயே துபாய்க்குப் போயிட்டான். இவன் வாயத் தொறந்து பேச மாட்டேங்கிறான். நீங்களும் இங்கிட்டு வந்து எட்டிப் பாக்க மாட்டேங்கிறீங்க. நான் யார்கிட்ட போயி அழுவேன்?"

"இருங்க மதினி, பேசிக்கலாம்" என்று செவந்தி டீ கொடுத்தாள்.

எல்லாரும் விக்ரமின் அறைக்குள் போனார்கள். செம்மல் கதவோரம் சுவரைப் பார்த்தபடி நின்றான். நாகராசு நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி அமுக்குற பொத்தான அமுக்கிட்டியாத்தா?"

"அமுக்கிட்டேன்ப்பா."

சொல்லியே விட்டாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வீடியோ ஓடியது. வெள்ளைத் தீற்றல் வந்தது, போனது. நாகராசு நிறுத்தச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார், விலகிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி ஓடவிடச் சொன்னார். மஞ்சள் கறைமேல் விரலை வைத்துத் துடைத்துக்கூடப் பார்த்தார்.

"நல்லா அமுக்கினியாத்தா?"

"ம்."

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சே. அவன் அமுக்குனப்ப எல்லாம் தெரிஞ்சுச்சே."

அப்புறம் அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மகன் விட்டுவிட்டுப் போன கடைசி உதவியும் பொய்த்துவிட்டது என்று புரிந்துகொண்ட அப்பாவின் முகத்தைப் பார்க்கத் திலகவதிக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்தாள்.

நாகராசு எழுந்தார். செம்மலிடம் போய் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ஊரு பேச்சக் கேட்டு ஒன்னய நான் சந்தேகப்பட்டுட்டேன். எம்புள்ளையத் தூக்கிச் சொமந்த கைய நான் சந்தேகப்பட்டேன். பெரிய பாவம். என்னய மன்னிச்சிருய்யா."

அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அப்படி அழாத மனுஷன். செம்மலின் தலை கீழே கீழே போனது. "வேணாம் மாமா. விடுங்க மாமா" என்றானே ஒழிய நிமிரவில்லை.

"போதும் தம்பி, எல்லாம் சரியாப் போச்சு" என்று அமராவதியும் கண்ணைத் துடைத்தாள். பைக்குள்ளிருந்து பூவை எடுத்தாள். "இங்கிட்டு வாத்தா, திரும்பு. அத்தை கையால வச்சு விடுறேன்."

மல்லிகையின் ஈரம் பின்கழுத்தில் பட்டது. அப்பா இன்னும் அந்தக் கைகளை விடாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி பாட்டுப் பாடிக்கொண்டு போனதுதான் திலகவதிக்கு அப்போது கண்ணுக்குள் வந்தது. அவனுக்காகக் கேட்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

தலையை இழுத்துக்கொண்டாள். பூ தரையில் விழுந்தது.

"நான் அமுக்கலப்பா" என்றாள். "பொய் சொல்லிட்டேன்."

செவந்தி "திலகா" என்று அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, திலகவதி மானிட்டரை அணைத்தாள். குமிழை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அமுக்கினாள். இந்த முறை விரல் வழுக்கவில்லை. பொடி எழுத்துப் பட்டியல் வந்தது. கீழே இறங்கி அதைத் தேர்ந்தெடுத்தாள். திரை இருண்டது.

"இப்பவும் நம்பர் தெரியாது. நம்பரப் பாக்காதீங்கப்பா. வண்டி போறத மட்டும் பாருங்க. இடது பக்கத்துப் பின் சக்கரத்தப் பாருங்க."

காளை ஓடியது. விக்ரம் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அதைப் பார்த்ததும் செவந்தி "ஐயோ, எஞ்சாமி" என்று சுவரில் சாய்ந்தாள். பின்னால் குட்டியானை வந்தது. படுத்து, எழுந்து, படுத்து, எழுந்து, மரங்களுக்குள் போய் மறைந்தது.

"மச்சான்" என்றாள் திலகவதி. இவ்வளவு நேரமும் அவன் பக்கம் திரும்பாமலே பேசியவள், வீடியோவை மறுபடி ஓடவிட்டு இப்போது நேராகப் பார்த்தாள். "ஒங்க வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை எப்ப மாத்துனீங்க?"

செம்மல் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் திரையைப் பார்த்தான். தினம் கையில் பிடிக்கிற வண்டி தெரியாமல் போகுமா?

"நிறுத்திரு திலகா" என்றான். "திரும்ப ஓட்டாத. மாப்ள போறதப் பாக்க முடியல."

"பதில் சொல்லுங்க."

"கருமாதி முடிஞ்ச மறுநாள் மாத்துனேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "வண்டி என்னுதுதான் மாமா. ஆனா நான் அன்னைக்குக் கந்தர்வக்கோட்டைலதான் இருந்தேன். அது சத்தியம். வண்டிய வீட்ல விட்டுட்டு, லோடு பேச பஸ்ல போயிருந்தேன். வண்டிய ஓட்டுனது நான் இல்ல."

நாகராசு அவனிடமிருந்து விலகிய தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பேசப் பழகுகிறவர் போல ஒவ்வொரு எழுத்தாக, "யாரு?" என்றார்.

"யாருய்யா அது?" என்று செவந்தி கேட்டாள்.

"யாரு மச்சான்?" என்று திலகவதியும் கேட்டாள்.

தரையில் கிடந்த பூவை எடுக்கக் குனிந்த அமராவதி நிமிரவே இல்லை. அத்தை மட்டும் கேட்கவில்லை.